பறந்து போயி மீன் பிடிக்கப் போறியாக்கும்?

வா தம்பி, உக்காரு. நீ போன்ல காட்டுன படத்தை நானும் பார்த்தேன். குட்டி ப்ளேனு ஒண்ணு. சக்கரம் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு மெதவை. நேரா ஏரித் தண்ணியில எறங்குது. கரையில ஒரு மரவீடு. சுத்துப்பட்டுல ரோடு கெடையாது, கடை கெடையாது, போனுக்குச் சிக்னலும் கெடையாது. கனடாவுக்கு வடகோடியாம். ஒரு வாரம் தங்கி மீன் பிடிக்க ஆயிரக்கணக்குல டாலராம்.

ரோடு இல்லாத ஊருக்குப் போகவா இம்புட்டுக் காசு? அட கூறுகெட்ட பயலே, நம்ம பெரியகுளம் கும்பக்கரையில இருந்து மலை ஏறுனா வெள்ளகவி. ரோடு கேட்டு வருசக்கணக்கா மனுக் கொடுத்தே கை ஓஞ்ச ஊரு. அங்கிட்டுச் சின்னூரு, பெரியூரு. ஒருத்தருக்கு முடியலைன்னா கம்புல டோலி கட்டித்தான் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாருவாக. அந்தச் சனம் ரோடு வேணும்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னுச்சு. நீ ரோடு இல்லாத எடமாப் பார்த்து முன்பணம் கட்டுற. ரெண்டு பேரையும் ஒரே திண்ணையில உக்கார வச்சுப் பேசவிட்டா எம்புட்டு நல்லாருக்கும்!

டோலின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இந்த மாதிரிப் போக்கெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசுன்னு நெனைக்காதே. 1845-ல அமெரிக்கப் பாதிரிமாரு கொடைக்கானல்ல பங்களா கட்டுனாக. அதுல இருந்து வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலையேறுன வழி எது? நம்ம பெரியகுளம்தான். 1875-ல ரயிலு வந்தப்பறம் அம்மையநாயக்கனூர்ல எறங்குவாக. அங்கிருந்து ராவெல்லாம் மாட்டு வண்டி. விடியக்காலம் அடிவாரத்துல கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அதுக்கு மேல நாற்காலியில உக்கார வச்சு நம்மாளுக தூக்கிக்கிட்டு ஏறணும். துரை மேல போயி, மலையை நான் ஏறிட்டேன்னு ஊருக்குக் கடுதாசி எழுதுவாரு. ஏறுனது எவன் காலு? அதைக் கடுதாசியில எழுத மாட்டாரு. பின்னாடி பத்தலக்குண்டுப் பக்கமா மோட்டார் ரோடு வந்துச்சு. தூக்குறவன் தோளு தப்பிச்சது.

இப்ப உன் படத்துக்கு வருவோம். அதுலயும் ஒருத்தன் இருக்கான் பாரு. கைடாம். படகை ஓட்டுறவன் அவன். எந்தப் பாறை மறைவுல மீனு நிக்கும்னு தெரிஞ்சவன் அவன். தூண்டில்ல பொய்ப்பூச்சி மாட்டுறவன், மீனு சிக்குனா வலையில அள்ளுறவன், முள்ளைக் கழட்டுறவன், மத்தியானம் கரையில அடுப்பு மூட்டி வறுத்துப் போடுறவன், அம்புட்டும் அவன். அந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்த ஆதிகுடி ஆளுகளும் அந்தச் சோலிக்கு வாராக. நீ என்ன செய்யுற? கல்யாண மாப்பிள்ளை கணக்கா நடுவுல உக்கார்ற. கைப்பிடியைச் சுத்துற. போட்டோவுக்குப் பல்லைக் காட்டுற. பெறகு ஊருக்கு வந்து நான் பிடிச்சேங்குற.

மீனு பெருசுதான், இல்லைங்கல. அந்தக் கனடாவுல கிரேட் பேர் ஏரின்னு ஒண்ணு இருக்கு. முப்பத்தோராயிரம் சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுல கிட்டத்தட்டக் கால்வாசி. வருசத்துல பாதி நாளுக்கு மேல ஐசு மூடிக் கெடக்கும். 1995-ல அங்க 72 பவுண்டுக்கு ஒரு ட்ரவுட்டைத் தூக்குனான் ஒருத்தன். கிலோக் கணக்குல முப்பத்திரெண்டுக்கு மேல. அந்தச் சில்லுத் தண்ணியில மீனு மெதுவாத்தான் வளரும். அம்புட்டுப் பெருசுக்கு உங்கப்பன் வயசு இருக்கும். அதனாலதான் பிடிச்சுட்டுத் திரும்ப விட்டுரணும்னு சொல்லுறான். அது ஞாயம். கெழட்டு மீனைக் கொன்னா நாளைக்கு எவன் டாலர் கட்டுவான்?

ஆனா தம்பி, இதுக்குக் கனடா வரைக்கும் ஏன் போகணும்? காவேரியிலயே இந்தக் கூத்து நூறு வருசத்துக்கு மேல நடந்திருக்கு. மஹ்சீர்னு ஒரு மீனு. கெண்டைச் சாதிதான், ஆனா ஆளையே இழுத்துக்கிட்டுப் போகும். 1873-ல எச்.எஸ். தாமஸ்னு மெட்ராஸ் சீமை கலெக்டரு ஒருத்தரு, இந்தியாவுல தூண்டில் போடுறதைப் பத்தித் தடிப் பொஸ்தகமே போட்டாரு. சீமை சால்மன் எல்லாம் இதுக்கு முன்னால எம்மாத்திரம்னு எழுதுனாரு. ஜமாபந்தி பாக்க வந்த மனுசன் மீனு பாத்திருக்காரு, பாரேன். 1946-ல கபினி ஆத்துல வான் இங்கன்னு மைசூர்க்காரரு 120 பவுண்டு மஹ்சீர் பிடிச்சாரு. ஐம்பத்துநாலு கிலோ! அந்தக் குடும்பத்துக்குச் செத்த புலியைப் பாடம் பண்ணுறதுதான் அப்பத் தொழிலு. புலி போதும்னு மீனுக்கு வந்துட்டாரு போல.

எழுபதுகள்ல இங்கிலாந்துல இருந்து மூணு பேரு வந்து காவேரி ஆத்தோரம் கூடாரம் போட்டு, தொண்ணூறு பவுண்டுக்கு மேல ஒண்ணைத் தூக்குனாக. அப்பறம் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்களின்னு கர்நாடகப் பக்கம் வரிசையா மீன்பிடி முகாம். சிவசமுத்திரத்துக்குக் கீழ, மேகதாட்டுக்கு மேல. உலகமே வந்துச்சு.

அந்த மீனுக்கு எரை என்ன தெரியுமா? கேப்பைக் களி. நெசமாத்தான். ராகி மாவைக் கிண்டி, வாசத்துக்கு மசாலாவும் போட்டு, உருண்டை பிடிச்சு முள்ளுல குத்தி எறிவாக. நம்ம பாட்டி கேப்பைக் களி கிண்டுனா நீ மூஞ்சியைச் சுளிச்சே. அதே களியை மீனு தின்னா, லண்டன்ல இருந்து ஆளு ப்ளேன் பிடிச்சு வந்து வேடிக்கை பாக்குறான்.

பிடிச்ச மீனை என்ன செய்வாக? எடை போட்டு, மடியில வச்சுப் போட்டோ எடுத்து, தண்ணியில எறக்கி விட்டுருவாக. குழம்பு கெடையாது. நானும் கேலி பண்ணுனவன்தான். ஆனா கேலியோட நிப்பாட்டிட்டா நான் பெரிய மனுசன் இல்லை. அந்த முகாம்ல கைடா இருந்தவன்ல பல பேரு முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சவன். தோட்டா போட்டா ஆத்துல குஞ்சு, குளுவான் அம்புட்டும் செத்து மெதக்கும். அவனுக்கே சம்பளம் கொடுத்து, உயிரோட இருக்கிற மீனுலதான் உனக்குச் சோறுன்னு சொன்னாக. அவன் ஆத்தைக் காவல் காத்தான். கேட்டா கிறுக்குத்தனமாத் தெரியும். வேலை செஞ்சுச்சு.

கிறுக்குத்தனம் வேற எடத்துல இருந்துச்சு. காவேரிக்குன்னே உள்ள மஹ்சீரு முதுகுல திமிலு வச்சது. மீனு கொறையுதேன்னு கவலைப்பட்ட தூண்டில் சங்கத்துக்காரக, எழுபதுகள்ல இருந்து லோனாவாலாப் பண்ணையில வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சை ஆத்துல கொண்டாந்து விட்டாக. நல்ல மனசுலதான் விட்டாக. வந்த மீனு பெருகுச்சு. சொந்த மீனு ஒடுங்குச்சு. கூத்து என்னன்னா, அந்தத் திமில் மீனுக்கு விஞ்ஞானப் பேரே சரியா இல்லை. 2007-ல பாம்பாத்துல ஒரு மீனைப் பார்த்துப் பேரு வச்சிருந்தாக. நம்ம மலைக்கு அங்கிட்டு, மறையூர்ப் பக்கம் ஓடி அமராவதியில விழுகிற ஆறு. காவேரித் திமில் மீனும் இதுவும் ஒண்ணுதான்னு 2018-ல கண்டாக. அதே வருசம், அழிவுக்கு ஒரு படி முன்னால நிக்குதுன்னு உலகப் பட்டியல்லயும் ஏத்துனாக. நூறு வருசமா மடியில வச்சுப் போட்டோ எடுத்த மீனு. பேரு கேக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை.

அப்பறம் முகாம் என்னாச்சு? சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடக் கூடாதுன்னு 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, 2010-ஐ ஒட்டி நிப்பாட்டிட்டாக. இப்ப பீமேஸ்வரிக்குப் போனா சாகச முகாமாம். கயித்துல தொங்கிக்கிட்டே போகலாமாம். முந்தி மீனு தொங்குச்சு. இப்ப காசு கட்டுன மனுசன் தொங்குறான்.

நம்ம சனம் மீன் பிடிக்கிற லச்சணத்தையும் கேட்டுக்கோ. நத்தம், மேலூரு, சிவகங்கைப் பக்கம் கோடையில கம்மாய்த் தண்ணி வத்தும். விடிய முன்னால சுத்துப்பட்டு ஊரே கரையில நிக்கும். பெரிய மனுசன் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவாரு. அம்புட்டுப் பேரும் ஒரே பாய்ச்சல்ல உள்ள எறங்குவாக. ஊத்தா, கச்சா, வலை, கூடை, ஒண்ணும் இல்லாதவன் கட்டுன வேட்டி. ஊத்தா தெரியுமா? மூங்கில்ல பின்னுன கூடு, அடியும் தொறந்திருக்கும், மேலயும் தொறந்திருக்கும். சேத்துல குத்தி, மேல் ஓட்டையில கையை விட்டுத் துழாவணும். விரால் சிக்கலாம், கெளுத்தி முள்ளும் குத்தலாம். கைடு கெடையாது, லைசென்சு கெடையாது. பிடிச்சதை விக்கவும் மாட்டாக. அன்னைக்கு ஊருல எந்த வீட்டுப் பக்கம் போனாலும் மீன் குழம்பு வாசம்தான்.

அதுலயும் ஒரு கணக்கு இருக்கு. வருசம் முழுக்கக் கம்மாயில ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. அந்த ஒரு நாளுதான். கனடாக்காரன் சீசன்னு சொல்லுறான், நம்மாளு சாமி குத்தம்னு சொல்லுறான். ரெண்டும் மீனைக் காப்பாத்தத்தான். ஒருத்தன் அதுக்கு மரவீடு கட்டி வாடகை விட்டான், இன்னொருத்தன் துண்டை வீசிட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

இம்புட்டுச் சொல்லியும் நீ போகத்தான் போற. உன் காசு, உன் ஆசை. ஆனா போறதுக்கு முன்னால ஒரு தடவை வைகை அணைப் பக்கம் விடியக்காலம் போயிப் பாரு. 1959-ல தொறந்த அணை, பெரியகுளத்துல இருந்து கூப்பிடு தூரம்தான். பரிசல்காரன் வலையை இழுத்துக்கிட்டுக் கரைக்கு வருவான். கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் துள்ளும். தண்ணி எந்தப் பக்கம் குளுந்திருக்கு, காத்து திரும்புனா மீனு எங்கிட்டு ஒதுங்கும்னு கேளு. உன் கைடு அங்க டாலருக்குச் சொல்லப் போறதுல பாதியை இவன் ஒரு டீக்குச் சொல்லுவான்.

அப்பறம் கனடா போ. கைடுக்குக் கை நெறையக் காசு கொடு, பேரம் பேசாதே. அவன் பேரைக் கேட்டு மனசுல வை. மீனைத் தூக்கிப் போட்டோ எடுக்கையில அவனையும் பக்கத்துல நிப்பாட்டு. தலைப்பக்கம் அவன் பிடிக்கட்டும். நீ வாலைப் பிடி.