ஸ்டார்ட் ஆகாத காரும் எண்வகைத் தேர்வும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று நோயறிய எட்டு வழிகளை வகுத்தது சித்த மருத்துவம். எண்வகைத் தேர்வு என்பார்கள். மனித உடலுக்காகவே இது வகுக்கப்பட்டது என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. அந்த அறிஞர்களில் யாரும் மூன்று கை மாறிய மாருதி 800-ஐ ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வரை ஓட்டிப் போனதாகச் சான்று இல்லை. போயிருந்தால் கருத்து மாறியிருக்கும்.

ஆய்வுக்களம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஒரு சாலை ஏறுகிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக இன்னொன்று. சாமையும் தேனும் புளியும் இறங்குகிற வழியில் பழைய கார்கள் ஏறுகின்றன. ஆய்வுப்பொருள், கீழே நகரத்தில் வாழ்ந்து முடித்துவிட்டு மறுவாழ்வு தேடி வரும் வண்டிகள்: 1983 டிசம்பரில் பிறந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, அதே ஆண்டு மே மாதம் ஆலை மூடப்பட்ட அம்பாசிடர், ஆம்னி, பழைய மஹிந்திரா ஜீப்.

காருக்கு எட்டில் தலையாயது மொழி. சாவியைத் திருப்பியதும் வண்டி என்ன சொல்கிறது என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். ‘டிக்டிக்டிக்’ என்று பல்லி மாதிரி விடாமல் அடித்தால் பேட்டரியில் தெம்பில்லை. ஒரே ஒரு ‘டொக்’ கேட்டு, அதன்பின் மௌனம் என்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்; கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது சொலினாய்டு சிக்கியிருக்கும். டிரைவர்கள் ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவதும், உடனே அது எழுந்துகொள்வதும் மாந்திரீகம் அல்ல. தட்டிய அதிர்வில் பிரஷ் நகர்ந்து மறுபடி தொடுகிறது. நாளைக்கும் தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எந்தச் சத்தமும் வரவில்லையா? ஃபியூஸ், டெர்மினல், சாவி சுவிட்ச். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பேட்டரியைத் திட்டுவது வீண். பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று கேட்க வேண்டும். அது டேங்குக்குள் இருக்கும் பம்பின் குரல். கேட்காவிட்டால் நோயாளி அங்கேதான் படுத்திருக்கிறார்.

அடுத்தது விழி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். விளக்கு மங்கி அணையப் பார்த்தால் பேட்டரியோ டெர்மினலோ. விளக்கு அசையாமல் எரிந்தால் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. இந்த முறைக்கு இதே மலையில் உயர்ந்த முன்னுதாரணம் உண்டு. காவலூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அங்கே கண்டுபிடிக்கிறார்கள். ஆம்னியின் விளக்கைப் பார்த்துப் பேட்டரியின் ஆயுளைச் சொல்லும் டீக்கடைக்காரரும் செய்வது அதுவே. தூரம்தான் கொஞ்சம் குறைவு.

ஸ்பரிசத்தை ஏளனம் செய்வோர் உண்டு. ஆனால் நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தபின் பேட்டரி டெர்மினலைத் தொட்டு, அது சுட்டால், அங்கே பிடிப்பு சரியில்லை என்பது உறுதி. பெரும்பாலும் உப்புப் பூத்திருக்கும்: வெள்ளையும் பச்சையுமாக, பழைய சுவரில் பொரிந்த சுண்ணாம்பு மாதிரி. ஒரு சொம்பு வெந்நீரை மெல்ல ஊற்றினால் கரையும். கிளாம்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் வேலை முடிந்தது. இந்தச் சொம்புத் தண்ணீரைச் செலவழிக்காமல் புதுப் பேட்டரி வாங்கியோர் வரலாறு தனி நூலாக எழுதத்தக்கது.

நாடி பார்க்க மல்டிமீட்டர் போதும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கடைசி யாத்திரைக்குத் தயார். நா என்பது ஸ்பார்க் பிளக்: இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி, ஈரமாக இருந்தால் தீப்பொறி இல்லை. நிறம் என்பது புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் எரியாமல் போகிறது. கடைசி இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு, அது பரவும் வடிவத்தைப் பார்ப்பது நெய்க்குறி. இங்கே எண்ணெயே நோயாளியிடமிருந்து வருகிறது என்பதால் வேலை மிச்சம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்து, காலையில் படித்தால் போதும்.

‘மலையில காத்து கம்மி, அதான் ஸ்டார்ட் ஆகலை’ என்ற கோட்பாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். 725 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. நல்ல எஞ்சின் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கண்டுகொள்கிற எஞ்சினுக்குப் போளூரிலேயே மூச்சு வாங்கியிருக்கும். மழைக்காலப் பனிமூட்டம் வேறு விஷயம். கார்புரேட்டர் காலத்து வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். தோளில் கிடக்கும் துண்டு சிறந்த மருந்து.

இனி ஆய்வின் மையக் கருதுகோள்: ஜவ்வாது மலையில் ஒரு காரின் உடல்நிலையை அது நிற்கும் சரிவு மறைத்துவிடுகிறது. சுமார் 650 கிலோ எடையுள்ள மாருதி 800, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 65 கிலோ. சமதளத்தில் இரண்டு மூன்று பேர் மூச்சு வாங்கத் தள்ளித் தர வேண்டியதைப் புவியீர்ப்பு இலவசமாகத் தருகிறது. சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, செகண்ட் கியர் போட்டு, வண்டி உருண்டதும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஃபர்ஸ்ட் கியர் உதவாது. வண்டி குலுங்கிச் சக்கரம் இழுபடும். ஆக, பேட்டரி செத்த கார்கூட வருடக்கணக்கில் நோய் தெரியாமல் வாழலாம். மூக்கைக் கீழே பார்த்து நிறுத்துவது ஒன்றே விதி. மேலே பார்த்து நின்றாலும் ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி உருட்டி எழுப்பலாம் என்பது உண்மைதான். கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் அதைச் செய்பவர் ஆய்வாளர் அல்ல. எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய டீசல் ஜீப்புக்கு இந்தச் சரிவு பொற்காலம். மெக்கானிக்கல் பம்ப், ஓடத் தொடங்கினால் மின்சாரமே வேண்டாம். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காருக்கு அப்படியில்லை: பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது வோல்ட் வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் கார் எத்தனை சரிவில் உருண்டாலும் எழாது. கியர்பாக்ஸின் ஆயில் பம்பை எஞ்சின்தான் சுற்ற வேண்டும், எஞ்சின்தான் தூங்குகிறது. புது வண்டியில் ஸ்கேனரைச் செருகி எரர் கோடு படிப்பார்கள். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் வழியில் கோளாறு. அது சென்சாரா, எலி கடித்த வயரா என்பதைச் சொல்ல மறுபடி மனிதக் கண்தான் வர வேண்டும்.

கியர் விழாத நோய் தனி இயல். அம்பாசிடரின் ஸ்டீயரிங் கியரில் லிங்க் தேய்ந்து, வளைவின் நடுவில் இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக்கொள்ள, டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்து தட்டி விடுவித்தது ஒரு தலைமுறையின் நினைவு. இன்றைய வண்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுத்து, அணைத்தபின் வெண்ணெயாக விழுந்தால் கியர்பாக்ஸ் குற்றமற்றது. கிளட்ச்தான் முழுதாக விடவில்லை. கேபிளைப் பாருங்கள். அணைத்தபோதும் விழாவிட்டால் லிங்கேஜ் அல்லது செலக்டர். ஏற்றத்தில் எஞ்சின் கத்தி, வண்டி நகராமல், கருகிய வாடை வந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது.

பிளேட்டை வாங்குமுன் உறுதிசெய்ய ஒரு வழி: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேர்ட் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். நல்ல பிளேட் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் விலையில் பேச இடமிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆய்வு முறையியல் சார்ந்த ஒரு தடை உண்டு. வாங்க வந்தவர் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்ததும் விற்பவர் பதறுவார்.

“அண்ணே, ஆஃப் பண்ணிடாதீங்க.”

“ஏன் தம்பி?”

“வண்டி சமதளத்துல நிக்குதுண்ணே.”