குளிரில் குதிக்கும் கூட்டம்

டெட்ராய்ட், ஜனவரி.

மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றுகிற ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மிஷிகனில் ஏரி உறைந்து கிடக்கும் மாதத்தில், காசு கொடுத்து விமானம் ஏறி, நடுவானில் கதவைத் திறந்து குதிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் தென்காசிக்காரர் ஒருவரும் உண்டு. வார நாட்களில் மென்பொருள், வார இறுதியில் பாராசூட்.

குளிர் வந்தால் இந்தப் பக்கத்து ஸ்கைடைவிங் மைதானங்கள் பலவும் கடையைக் கட்டிவிடும். திறந்திருக்கும் ஒன்றிரண்டில் தென்காசிக்காரரைப் போன்ற அவசரக்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது சராசரிக் கணக்கு. தரையில் 0 டிகிரி என்றால், குதிக்கிற 13,500 அடியில் மைனஸ் 27. அந்தக் காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் விழ வேண்டும்.

பயமெல்லாம் கதவோரத்தோடு சரி. அதற்குப் பிறகு விரல்தான் பிரச்சினை.

பாராசூட்டைத் திறக்கும் கைப்பிடி முதுகுப்பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பிடிக்க வேண்டும். பனிச்சறுக்குக்காரர்களின் தடித்த கிளவுஸைப் போட்டால் கைப்பிடி எது, பை எது என்றே புரியாது. போடாமல் போனால் விரல் மரத்துவிடும். குதிக்கிற உயரத்தில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் கிளவுஸ் அவசியம் என்கிறது அமெரிக்கப் பாராசூட் சங்கம். அதனால் மெல்லிய கிளவுஸ், அதற்குள்ளே டாக்டர்கள் போடுகிற ரப்பர் உறை. தரையில் குப்புறப் படுத்து, கிளவுஸோடு "வளை, தொடு, இழு" என்று திரும்பத் திரும்ப ஒத்திகை. கூடவே குதிக்கும் பயிற்றுநர்கள் இருவரும் மாணவரின் முகத்தைவிட வலது கையைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள்.

1960 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் பலூனில் ஏறி 1,02,800 அடியிலிருந்து குதித்தார். அவருக்கும் சோதனை கிளவுஸில்தான் வந்தது. மேலே போகும்போதே வலது கிளவுஸில் காற்றழுத்தம் நிற்காமல் கை வீங்கிப்போனது. சொன்னால் திருப்பி இறக்கிவிடுவார்கள் என்று வாயைத் திறக்காமல் போய்க் குதித்தே விட்டார். கை பிறகு சரியாகிவிட்டது. இந்த மாணவர்கள் அவரைக் கும்பிடுவதில் ஆச்சரியமில்லை.

பாராசூட் விரிந்தாலும் நிம்மதி இல்லை. திருப்பும் பிடிகளைப் பற்றிக்கொண்டு கையைத் தலைக்கு மேலே தூக்கியபடியே ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். ரத்தம் இறங்கி விரல் இன்னும் விறைக்கும். கீழே ஒரே வெள்ளை. பனி மூடிய வயலில் உயரம் பிடிபடாது. எப்போது பிடிகளை இழுத்து வேகத்தைக் குறைப்பது என்பதை ரேடியோவில் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சொல்கிறவருக்கும் பல் தந்தியடிக்கிறது.

தென்காசிக்காரர் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா மூன்று முறை பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "காதுல பஞ்சு வச்சியாடா?"

ஹெல்மெட் இருந்ததால் தப்பித்தார். சுயமாகக் குதிக்க உதவும் 'ஏ' லைசென்ஸுக்கு 25 ஜம்ப் வேண்டும். இந்தக் குளிரில் அது ஆகிற காரியமில்லை என்று, பிப்ரவரியில் அரிசோனாவின் இலாய்க்கு டிக்கெட் போட்டிருக்கிறார். அங்கே பகலில் 20 டிகிரி வெயில், ஸ்வெட்டரே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. மேலே போனால் அங்கேயும் மைனஸ் 7 என்பதை மட்டும் சொல்லவில்லை.