எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு பட்டியலை மூடிவிட்டோம். முல்லைக்கொடி படரக் கொம்பில்லாமல் தவிக்கிறதே என்று தன் தேரை விட்டுவிட்டு நடந்தவன் பாரி. மயில் குளிரில் நடுங்குகிறதே என்று தன் போர்வையைக் கொடுத்தவன் பேகன். பாவம், இரண்டு பேருக்கும் வியாபாரம் தெரியவில்லை. தேரும் சொந்தத் தேர், போர்வையும் சொந்தப் போர்வை. லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி நடத்திப் பழகியிருந்தால் பாரி வேறு மாதிரி யோசித்திருப்பான். வழியே போகிற ஒருவனை நிறுத்தி, "ஐயா, இந்த முல்லையைப் பார்த்தும் உங்கள் மனம் இளகவில்லையா? உங்கள் தேரை இங்கே விட்டுவிட்டுப் போங்கள்" என்றிருப்பான். போகிறவன் தயங்கினால், அவன் காதில் விழும்படி "கஞ்சன்" என்று ஊர் முணுமுணுக்கவும் ஏற்பாடு செய்திருப்பான். கொடையின் புகழ் மட்டும் பறம்பு மலைக்கு.

அந்த வித்தை கைவந்த எட்டாவது வள்ளல் ஒருவர் வேகாஸில் இருக்கிறார். அவருக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. குறை இருக்கக் கூடாது.

வள்ளலின் செழிப்பை முதலில் சொல்லிவிடலாம். நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விடுதிகள் 2024-இல் ஆட்டக்காரர்களிடமிருந்து வென்றெடுத்த தொகை 1,500 கோடி டாலருக்கும் மேல். இந்தத் தொகையை மேசை மேசையாக வாரிக் கொடுப்பவர்களில் முக்கியமானவர் டீலர். தன் செலவில் பயிற்சிப் பள்ளியில் தொழில் கற்றவர். சீட்டைக் கலைத்து, பிரித்து, ஒரு மேசையில் இருக்கும் அத்தனை பேரின் பந்தயத்தையும் மனக்கணக்காகப் போட்டு, தோற்றவரின் வசவையும் சிகரெட் புகையையும் சேர்த்து விழுங்கி, மணிக்கணக்கில் நிற்கிறார். இத்தனைக்கும் அவருடைய அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான்: மணிக்கு 12 டாலர். குடும்பம் நடத்தத் தேவையான மிச்சத்தை யார் தருவார்? மேசைக்கு எதிரே உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருக்கிறாரே, அவர்.

வேகாஸில் டீலருக்குத் தரும் டிப்ஸுக்கு "டோக்" என்று பெயர். ஆட்டக்காரர் ஒரு சிப்பை நகர்த்தி வைத்தால், டீலர் அதைத் தட்டிக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போட வேண்டும். மேசையை விட்டு நகரும்போது இரண்டு கைகளையும் தட்டி, விரித்து, புரட்டி, உச்சியிலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். 1,500 கோடி போகும் வழியில் 5 டாலர் சிப் ஒன்று தொழிலாளியின் விரலிடுக்கில் தங்கிவிடக் கூடாதல்லவா? பெரும்பாலான விடுதிகளில் 24 மணி நேரத்தில் சேர்ந்த டோக் முழுவதையும் ஒன்றாகக் கொட்டி, வேலை பார்த்த நேரக் கணக்குப்படி டீலர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தொழிலாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது நல்ல வழக்கம். ஆனால் சிரித்த முகத்துக்கு நீங்கள் தந்த அன்பளிப்பு என்று இனி இதைச் சொல்லாதீர்கள். உங்கள் மேல் எரிந்து விழுந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இது சம்பளப் பட்டுவாடா. பட்டுவாடா செய்வது நீங்கள்; முதலாளி என்ற பட்டம் மட்டும் அவருக்கு.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிப்பை நேராகக் கொடுக்காமல் டீலர் பெயரில் ஒரு பந்தயமாகக் கட்டுவது வேகாஸில் பெரிய மனுஷத்தனம். நீங்கள் ஜெயித்தால் அவருக்கும் லாபம். தோற்றால் அந்தச் சிப் விடுதியின் தட்டுக்குப் போய்விடும். தொழிலாளிக்கு என்று எடுத்து வைத்த காசையும் வள்ளல் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறார். தோற்ற டோக்கை டீலரே தன் கையால் வாரி, முதலாளியின் தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். புன்னகை மாறக் கூடாது, கேமரா பார்க்கிறது.

ஆட்டக்காரரையும் வள்ளல் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 விழுந்தால் இரண்டுக்கு மூன்று என்று தருவதுதான் பழைய விதி: 100 டாலருக்கு 150. இப்போது வேகாஸின் பிரதான வீதியில் பல மேசைகளில் ஐந்துக்கு ஆறுதான்: 100 டாலருக்கு 120. ரூலட் சக்கரத்தில் இரண்டு சுழியம் இருந்தபோது விடுதியின் சாதகம் 5.26 சதவீதம், மூன்றாவது சுழியம் சேர்ந்தபின் 7.69. செலவு ஒரு சொட்டுப் பெயின்ட். அறை வாடகைக்கு மேல் "ரிசார்ட் கட்டணம்" தனி. அறையைத் துடைத்துப் படுக்கை விரிக்கும் பெண்ணுக்குத் தலையணை மேல் வைக்கும் டாலர் அதற்கும் மேல். மது இலவசம், கொண்டு வருபவரின் பிழைப்பு உங்கள் பொறுப்பு. ஆட்டக்காரரோ, ஒவ்வொரு பிளாக்ஜாக்கிலும் 30 டாலர் களவு போவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீலருக்கு 5 டாலர் வைப்பது நியாயமா என்று தர்மசாஸ்திரம் பேசுகிறார்.

வள்ளல் பரம்பரையில் ஒரு மகுடத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு நிறைவு பெறாது. 2006-இல் வின் லாஸ் வேகாஸ் விடுதியில் ஒரு சிக்கல். டோக்கோடு சேர்த்துப் பார்த்தால் டீலர்களின் வருமானம் அவர்களை மேற்பார்வை செய்பவர்களைவிட அதிகமாகிவிட்டது. மேற்பார்வையாளர் பதவிக்கு யாரும் ஆசைப்படவில்லை. சாதாரண முதலாளியாக இருந்தால் மேற்பார்வையாளரின் சம்பளத்தைக் கூட்டியிருப்பார். ஸ்டீவ் வின் சாதாரண முதலாளி அல்ல. மேற்பார்வையாளருக்குக் "குழுத் தலைவர்" என்று புதுப் பெயர் சூட்டி, டீலர்களின் டோக்கில் பங்கு கொடுத்தார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம் அவருக்கு. டீலர்கள் கொதித்து, 2007-இல் ஓட்டுப் போட்டுத் தொழிற்சங்கம் சேர்ந்தார்கள். வழக்குகள் நடந்தன. 2013-இல் நெவாடா உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி இதில் குற்றமில்லை என்றது. கடைசியில் 2018-இல் நாட்டின் காங்கிரஸே சட்டத்தைத் திருத்தி, தொழிலாளியின் டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ கை வைக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. அடுத்தவர் பெட்டியிலிருந்து கையை எடு என்று சொல்ல ஒரு வல்லரசுக்கு 12 ஆண்டுகள் ஆயின.

இந்தப் பரம்பரையின் மூதாதை ஜார்ஜ் புல்மன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், தன் சொகுசு ரயில் பெட்டிகளில் படுக்கை விரிக்கவும் காலணி துடைக்கவும் விடுதலையான கறுப்பின மக்களை வேலைக்கு வைத்தார். சொற்பச் சம்பளம், மிச்சத்துக்குப் பயணியின் கையைப் பார்த்து நிற்க வேண்டும். பயணிகள் அவர்கள் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே அழைத்தார்கள். எஜமானின் பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கம் ரயிலேறி வந்தது. 1897-இல் புல்மன் இறந்ததும் நிறுவனத்தின் தலைவராகி, 1911 வரை நடத்தியவர் ராபர்ட் டாட் லிங்கன். ஆபிரகாம் லிங்கனின் மகன். அப்பா கையிலிருந்த விலங்கை அறுத்தார். மகன் அந்தக் கையை ஏந்தச் சொன்னார். ரயில் ஊழியர்கள் 1925-இல் ஏ. பிலிப் ரேண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937-இல். இங்கேயும் 12 ஆண்டுகள்.

இடையில் அமெரிக்கர்களுக்கே இந்த வழக்கம் கூசியதுண்டு. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்தது. இன்னும் சில மாநிலங்கள் தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனை தடைகளும் காலாவதி. பிறகு 1966-இல் சட்டமே முதலாளிகளுக்குத் தள்ளுபடி கொடுத்தது: ஊழியருக்கு டிப்ஸ் வருகிறதா, அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள். இன்று நெவாடா போன்ற சில மாநிலங்களில் இந்தத் தள்ளுபடி இல்லை. கூட்டாட்சிச் சட்டமோ, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் எட்டாவிட்டால்தான் முதலாளி பையைத் தொட வேண்டும். அந்த 2.13 டாலர் 1991-இல் வைத்த தொகை. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கியிருக்கும், 2.13-க்கு மட்டும் நித்திய இளமை.

வித்தை இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஓட்டுநருக்கு நீங்கள் தரும் டிப்ஸ் முழுவதும் அவருக்கே என்று அமேசான் தன் டெலிவரி செயலியில் சொன்னது. சொல்லிக்கொண்டே, அந்த டிப்ஸைத் தான் தர வேண்டிய கூலிக்கு ஈடாக எடுத்துக்கொண்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. 2021-இல் 6.17 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் நிறுவிய கம்பெனி, வாசலில் பொட்டலம் வைத்துவிட்டுப் போகிறவரின் சில்லறையில் குளிர் காய்ந்தது. இதைத் திருட்டு என்று சொன்னால் வழக்கு வரும். "சமரசம்" என்று சொன்னால் பங்கு விலை ஏறும்.

அரசியல்வாதிகளும் கொடைக்குக் குறைந்தவர்களா? 2024 ஜூனில் டிரம்ப் வேகாஸ் மேடையில் டிப்ஸுக்கு வரி இல்லை என்றார். ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் அதே வேகாஸில் அதையே சொன்னார். எதிலும் ஒத்துப்போகாத இருவரை ஒரு சிப் சேர்த்து வைத்தது. 2025 ஜூலை 4 அன்று சட்டமும் வந்தது: 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் வருமானம் ஏற்கெனவே வருமான வரியே வராத அளவுக்குக் குறைவு என்று யேல் பல்கலைக்கழக ஆய்வுக்குழு கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகை! 2.13 டாலரை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆட்டக்காரரை மறக்கவும் இல்லை. 2026 முதல் சூதில் தோற்ற தொகையில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். ஒரு லட்சம் ஜெயித்து ஒரு லட்சம் தோற்றவர், கைக்கு வராத பத்தாயிரத்துக்கு வரி கட்டுவார். சட்டத்தின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வள்ளலின் பையில் மட்டும் ஓட்டை விழுவதில்லை.

சரி, டீலருக்கு டிப்ஸ் வைக்க வேண்டுமா?

வையுங்கள். "இந்த முறையே தவறு, கொள்கைக்காக நான் தர மாட்டேன்" என்கிற வீரர்களை எனக்குத் தெரியும். ஐந்துக்கு ஆறு மேசையில் அந்தக் கொள்கை எழுந்து நிற்காது. ரிசார்ட் கட்டணம் வரும்போது தலை குனிந்து கையெழுத்துப் போடும். மணிக்கு 12 டாலர் வாங்குகிறவர் எதிரே வந்து நின்றதும் கொள்கைக்கு மீசை முளைக்கும். முதலாளி மேல் வந்த கோபத்தை அவருடைய கூலியாளிடம் காட்டுவதற்குப் பெயர் போராட்டம் இல்லை. அது முதலாளிக்குச் செய்யும் இன்னொரு சேவை. நீங்களும் டீலரும் 5 டாலருக்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும்வரை மேல்மாடியில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வாடிக்கையாளர் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா என்றால், கொஞ்சமும் சரியில்லை. வேறு வழியில்லை என்பவர்கள் கொஞ்சம் கடல் தாண்டிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் டீலர் டிப்ஸ் வாங்குவதே சட்டவிரோதம். பிரிட்டனில் 1968-இன் சட்டம் அதைத் தடுத்து வைத்திருந்தது. தடை நீங்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அத்தனை ஆண்டுகளில் லண்டன் சூதாட்ட விடுதி முதலாளி யாரும் தெருவுக்கு வரவில்லை. சக்கரம் சுற்றியது, சீட்டு விழுந்தது, சம்பளத்தை முதலாளி கொடுத்தார்.

சக்கரத்தின் சாதகத்தைத் தசமப் புள்ளிக்கு இரண்டு இடம் வரை கணக்குப் போடத் தெரிந்தவர் இந்த வள்ளல். ஒரு மேசையில் மணிக்கு எத்தனை ஆட்டம் ஓடும், எத்தனையாவது கோப்பையில் ஆட்டக்காரர் நிதானம் இழப்பார், எந்தக் கம்பளமும் எந்த வெளிச்சமும் அவரை வாசலை மறக்கச் செய்யும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டீலரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று கேட்டால் மட்டும் கணக்கு மறந்து, "அது உங்கள் மனசைப் பொறுத்தது" என்கிறார். உங்கள் மனசைப் பொறுத்தது என்றால், ஆட்டக்காரரே, அந்த மனசை வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் வேகாஸின் விர்ஜின் விடுதியில், அறை துடைப்பவர்களும் மது பரிமாறுபவர்களும் சமைப்பவர்களும் நியாயமான சம்பளம் கேட்டு வாசலில் பதாகையோடு நின்றார்கள். 2 மாதங்களுக்கும் மேல், குளிரில் நின்றார்கள். டிப்ஸ் கூட்டிக் கேட்கவில்லை. முதலாளியிடம் கூலி கேட்டார்கள். அடுத்த முறை எந்த விடுதி வாசலில் அப்படி ஒரு வரிசை நின்றாலும், உள்ளே எவ்வளவு பெரிய ஜாக்பாட் மினுக்கினாலும், அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.