மூவாயிரம் ரூபாய் அலெக்சாண்டர்

வாடா பேராண்டி, உக்காரு. செருப்ப அங்கயே விடு, மல்லாட்ட காயுது. மாமல்லபுரம் போய் ராஜாவ வாங்கியாந்திருக்கியாமே? ஜோடி மூவாயிரமாம். ஆட்டுக்குட்டியே அதுக்கு மேல விக்கிற காலத்துல ரெண்டு மகாராஜா மூவாயிரம்னா சல்லிசுதான்.

ஒண்ண காட்டு. இன்னொண்ணு எங்க? பாட்டிகிட்ட குடுத்து வெச்சிருக்கியா? சரி, சரி.

இவன் யாரு, சிங்கத்தோல முக்காடு போட்டுக்கினு? அலெக்சாண்டர்னா? வித்தவன் சொன்னானா? அது ஹெராக்ளிஸ்டா, கிரேக்கத்துப் பயில்வான். பின்பக்கம் கழுகு ஏந்தி ஒக்காந்திருக்கறது அவங்க சாமி ஸூஸ். அலெக்சாண்டருக்கு இதுல எழுத்துல பேரு மட்டுந்தான். கி.மு. 323ல பாபிலோன்ல அந்த ஆளு கண்ண மூடிட்டான். அப்புறமும் இருநூறு வருசத்துக்கு மேல அவன் பேர்லயே ஊர் ஊரா காசு அடிச்சாங்க, செத்தவன் பேர்ல ரேஷன் வாங்கற மாதிரி. அவன் மூஞ்சிதான் வேணும்னா லைசிமாக்கஸ் போட்ட காசப் பாக்கணும். அலெக்சாண்டர்கிட்ட சேவகம் பண்ணவன், அப்பறம் தானே ராஜாவாயிட்டான். எஜமான் தலையில ஆட்டுக்கொம்பு வெச்சுத்தான் காசுல போட்டான். உயிரோட இருக்கறப்ப வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி!

கெழவனுக்கு எப்டி தெரியும்னு பாக்கற. 1970ல வசவசமுத்திரத்துல சர்க்கார் தோண்டனாங்க இல்ல, பாலாறு கடல்ல விழுற எடத்தாண்ட, அங்க மண்ணுக்கூடை தூக்கனவன்டா நானு. உறைகிணறு வந்துது. அடி கூம்பிப்போன ஜாடி ஓடு வந்துது, யவனன் சாராயம் ஊத்தியாந்த ஜாடி. என் கூடையில வெள்ளி மூஞ்சி ஒண்ணுகூட வுழல. நெதம் ஓடு, ஓடு, ஓடு. அன்னைக்குப் புடிச்ச பைத்தியம், எழும்பூர் மியூசியத்துக்கு பஸ் ஏறிப் போயி காசு அலமாரி மேல மூக்க வெச்சிக்கினு நிப்பேன்.

கிரேக்கக் காசு தமிழ்நாட்டுக்கு வரலன்னு சொல்லல. கரூர் அமராவதி ஆத்து மணல்ல வந்திருக்குது. தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வருசக்கணக்கா தேடித்தேடி சேத்து, எது திரேஸ், எது கிரீட் தீவு, எது செலூக்கிட் ராஜா போட்டதுன்னு எழுத்துக்கூட்டிப் படிச்சு புஸ்தகமே போட்டாரு. அதே கரூர் பக்கம் வெள்ளியில நம்மூரு மூஞ்சியும் கெடச்சுது. மூஞ்சிக்கு மேல பழைய தமிழ் எழுத்துல ‘மாக்கோதை’ன்னு பேரு. சேரன்டா! உனக்கு மட்டும் மூக்கு நீண்ட ராஜாதான் வேணும்.

போகட்டும், எடை பாத்தியா? இந்தப் பெரிய காசு, நாலு திராக்மா காசு, பதினேழு கிராம் சொச்சம் இருக்கணும். ரெண்டு பவுன் எடைக்கு மேல ஒரு கிராமுன்னு வெச்சிக்கோ. பஜார்ல நகைக்கடைத் தராசுல வெச்சா இது பதினொண்ணுதான் காட்டுதா? சரிதான், வழியில இளைச்சிட்டாரு போல. ஓரத்த நகத்தால தடவு. சுத்தி ஒரு வரி ஓடுது பாரு, அச்சுல ஊத்தன கோடு. அந்தக் காலத்துக் காசு ஊத்தனது இல்ல, சுத்தியால அடிச்சது. ஓரம் வெடிச்சிருக்கும், படம் ஒரு பக்கமா தள்ளி வுழுந்திருக்கும். உன்னுது மட்டும் தட்டுல ஊத்தன இட்லி மாதிரி இருக்குது.

ஆனா இது பழசாத்தான் தெரியுதேன்ற. பெக்கர்னு ஒரு ஜெர்மன்காரன், இருநூறு வருசம் முன்ன. கள்ளக்காசு அடிக்கறதுல மகா கெட்டிக்காரன். அடிச்ச காச இரும்புத்தூளு போட்ட பொட்டியில வெச்சு, குதிரவண்டிக்கு அடியில கட்டி ஊர் சுத்துவானாம். குலுங்கிக் குலுங்கி புதுக்காசு கெழடாயிடும். உன் ராஜாக்கு குதிரவண்டி எதுக்கு? திருக்கழுக்குன்றம் ரோட்டுல ஷேர் ஆட்டோவுல நாலு நடை போனா போதும்.

இன்னா சொல்லி வித்தான்? சதுரங்கப்பட்டினத்துல கெணறு வெட்டறப்ப கெடச்சுதுன்னா? அப்டின்னா இன்னும் விசேஷம். 1878லயே வெள்ளக்காரன் சட்டம் போட்டுட்டான். மண்ணுக்கடியில பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் எதுனா கெடச்சா கலெக்டருக்குச் சொல்லணும். பத்து ரூபா! அந்தச் சட்டம் இன்னும் இருக்குது. நம்ம ஜில்லா பொறந்ததே 2019ல, கலெக்டரும் செங்கல்பட்டுலயே ஒக்காந்திருக்காரு, பஸ் செலவு கொறச்சல். 1972 சட்டம் ஒண்ணு இருக்குது, நூறு வருசப் பழசான காச வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வுடாது. துபாய்ல இருக்கற மச்சானுக்கு அனுப்பலாம்னு நெனச்சிருந்தா மறந்துடு. ஆக அவன் சொன்னது நெசம்னா நீ கலெக்டர்கிட்ட பதில் சொல்லணும். பொய்னா உங்கப்பன்கிட்ட. எனக்குத் தெரிஞ்சு கலெக்டர் தங்கமான மனுஷன்.

நெசமாவே ஆசை இருந்தா கைக்காச உள்ள வெச்சிட்டு, ஒரு வருசம் எழும்பூர் அலமாரியப் பாத்துக்கினே இரு. அப்பறம் ரசீது குடுக்கறவன்கிட்ட, இது எங்க, யார்கிட்ட இருந்து வந்துதுன்னு சொல்றவன்கிட்ட, ஒரே ஒரு சின்னக் காசு வாங்கு. பழைய வெள்ளியத் தேய்க்கமட்டும் தேய்க்காத. அந்தக் கருப்பப் போக்கினா பாதி மதிப்பு போயிடும்.

இன்னாடா முழிக்கற? இன்னொரு காசா?

இன்னைக்கு வெள்ளிக்கெழமயாச்சே. உம்பாட்டி குத்துவெளக்கோட சேத்து அதையும் புளி போட்டுத் தேச்சிட்டா. தோ, தாம்பாளத்துல காயவெச்சிருக்கா பாரு. பளபளன்னு ரெண்டும் ஒரே மஞ்சளா இருக்குது. எது வெளக்கு, எது அலெக்சாண்டர்னு அவளாலயே சொல்ல முடியல.