எந்த டைப் வீடு?

கேள்வி: கணவருக்கு மத்திய அரசு வேலை. சரோஜினி நகர் புது டவரில் டைப்-2 வீடு. அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் இலாகாத் தேர்வு எழுதி டைப்-3க்குப் போய்விட்டார். அவர்கள் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து என் வீட்டு ஹால் சின்னதாகத் தெரிகிறது. மனசு ஆறவில்லை.
- வாசகி, சரோஜினி நகர், புது டில்லி

பதில்: மற்ற இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை ஊகிக்கத்தான் முடியும். அரசுக் குடியிருப்பில் வீடே சொல்லிவிடும். சம்பள நிலை 2 முதல் 5 வரை டைப்-2. 6 முதல் 8 வரை டைப்-3. தினமும் கண்ணில் படுவது மனசிலும் படத்தான் செய்யும். அதனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. சரோஜினி நகர் டைப்-2 குடியிருப்பைப் பிரதமர் திறந்துவைத்தது 2025 ஜனவரி 3ஆம் தேதி. 28 டவர், 2,500க்கு மேல் வீடுகள். எல்லாம் ஒரே டைப். அங்கே ஒப்பீடு ஒழிந்துவிட்டதா? யாருக்கு எந்த மாடி, யார் வீட்டில் வெயில் வருகிறது என்று பேச்சு மாறியிருக்கும், அவ்வளவுதான். அளவுகோலைக் கையில் வைத்திருந்தால் அளக்க ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். டைப்-3 வீட்டம்மா ஒருநாள் டைப்-4க்குப் போய்வந்தால் இதே கடிதத்தை எனக்கு எழுதுவார்.

உங்கள் வீட்டிலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். டில்லிக் குளிரில் அதை ராத்திரி உள்ளே தூக்கிவைத்து, காலையில் வெயிலுக்கு வெளியே நகர்த்தி, ஒற்றைக் குச்சியாக நிற்பதைக் காப்பாற்றுவீர்களே, பங்குனியில் அது துளிர்க்கும். அதைக் கிள்ளி ரசத்தில் போடும்போது, இது எந்த டைப் வீட்டுக் கறிவேப்பிலை என்று நாக்கு கேட்பதில்லை.

கேள்வி: சரோஜினி மார்க்கெட்டில் நான் பேரம் பேசி 250 ரூபாய்க்கு வாங்கிய டாப்ஸை, தோழி 150க்கு வாங்கியிருக்கிறாள்!

பதில்: அவள் சொல்லும்வரை அது உங்களுக்கு அழகாகத்தானே இருந்தது? துணி சாயம் போகவில்லை. உடுத்துங்கள்.

கேள்வி: நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்துத் திருப்தி அடையச் சொல்கிறார்களே, சரிதானா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. மேலே பார்த்து ஏங்குவதும் கீழே பார்த்து ஆறுவதும் ஒரே தராசுதான். தட்டு மட்டும் மாறுகிறது. மார்க்கெட் நடைபாதையில் துணிக்குவியலைத் தோளில் சுமந்து விற்கும் பையனின் கஷ்டம் உங்கள் நிம்மதிக்காக ஏற்பட்டதல்ல. அவனைப் பார்த்து ஆறுதல் அடைவதைவிட, அவனிடம் கடைசிப் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் வருவது மேல்.

கேள்வி: நன்றியுணர்வு என்பதெல்லாம் சாமியார்கள் பேசுகிற விஷயம் இல்லையா?

பதில்: வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம், அழுக்காறாமை 17ஆம் அதிகாரம். இரண்டையும் துறவறத்தில் வைக்கவில்லை, இல்லறத்தில் வைத்தார். வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் கட்டுகிறவர்களுக்குத்தான் இரண்டும் வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் பேட்டையையே பாருங்களேன், சரோஜினி நாயுடு பெயர் வருமுன் அது வினய் நகர். விநயம் என்றால் பணிவு. சாமியார் மடத்துக்கல்ல, குடித்தனக்காரர்கள் பேட்டைக்கு இருந்த பெயர் அது.

கேள்வி: சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: எமன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வாரம், வாரம் ஒருமுறை, நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். நோட்டுப் புத்தகம் நல்லதுதான். ஆனால் நன்றிக்கு ஓர் ஆள் வேண்டும் என்பேன். ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு டில்லி வந்து இறங்கியபோது, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை தன் வீட்டில் ஒரு மூலையைக் கொடுத்து, காலையில் காபியும் கொடுத்தவர் ஒருவர் இருப்பாரே? அவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? திங்கட்கிழமை சரோஜினி மார்க்கெட் விடுமுறை. அன்றைக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள்.