தொண்டையில விரலை வை, பேராண்டி

ஏண்டா பேராண்டி, ஒலியனியல் படிக்கிறியாமே? உங்கம்மா பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பசார் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. பாதிப் பேர் நீ ஸ்பீக்கர் ரிப்பேர் படிக்கிறதா நினைச்சிட்டிருக்காங்க. நான் திருத்தல. பொண்ணு பாக்குறப்ப அதுவும் உதவும்.

சரி, புத்தகத்தை மூடு. எதிர்க்கடைப் பலகையில 'கெடாய்'னு போட்டிருக்கு பாரு. நம்ம 'கடை'தான், மலாய்க்காரங்க வாங்கிக்கிட்டது. 'பெட்டி'யையும் வாங்கினாங்க. ஆனா நம்ம டகரத்துக்கு அதுல ஒரு எழுத்து, இதுல வேற எழுத்து. என்ன எழுத்துன்னு தமிழ்ல எழுதிக் காட்டச் சொல்லாதே; ரெண்டுக்கும் பேரு டி, டீன்னுதான் வரும்.

தொண்டையில ரெண்டு விரலை வச்சு 'கடை'ன்னு சொல்லு. உள்ள வண்டு முரல்ற மாதிரி அதிர்வு, நடுவுல நிக்காது. இப்ப 'பெட்டி'ன்னு சொல்லு. 'ட்ட' வர்ற இடத்துல சட்டுன்னு அடங்கிட்டு, 'டி'யோட இகரத்துல திரும்ப வரும். உயிருக்கு நடுவுல தனியா நின்னா ட அதிரும், இரட்டிச்சா அதிராது. யாரும் சொல்லித் தராமலே சின்னப் பிள்ளையில தப்பில்லாம பேசினே. இப்ப அதையே தெரிஞ்சுக்க பீஸ் கட்டுறே.

மாத்திச் சொன்னாலும் நமக்கு வேற சொல் பொறக்காது, அதான் நம்ம காது கண்டுக்கல. மலாய்ல அந்த அதிர்வு மாறினா 'இருந்து'ங்கிற சொல்லு 'நடன'மாயிடும். அவங்க அசட்டையா இருக்க முடியுமா? பிறப்பியல்ல உந்திக்காத்துக்கு எட்டு இடம் குறிச்ச தொல்காப்பியரே இதுக்குத் தனி எழுத்து கொடுக்கல. வேண்டாத செலவுன்னு விட்டிருப்பாரு, நம்மாளு! நாம கண்டுக்காட்டியும், 1934ல லண்டன் வாத்தியார் ஃபர்த் தமிழ் உச்சரிப்பைப் பத்திச் சுருக்கமா எழுதினார்.

இப்படித் தெரியாமலே செய்யறது நாம மட்டுமில்ல. பினாங்கு ஹொக்கியன் பேசுற சீன முதலாளி, நம்ம டவுக்கேயைக் கேளு. சொல்லு தொடரோட கடைசியில நின்னா ஒரு தொனி, நடுவுல போனா வேற தொனி. ஏன்னு கேட்டா, உன்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பாலில்லாத டீ, அந்த தே-ஓ ஒண்ணு சொல்லுவார்.

மலாய்க்குப் போன சொல்லுங்கள்ல நம்ம ழகரம்தான் கடல் தாண்டல. 'மாம்பழம்' 'மெம்பெலாம்' ஆச்சு, 'கழுதை' 'கெல்டாய்' ஆச்சு. அவங்களைக் குறை சொல்ல வாயெடுக்காதே. நேத்து சந்தையில 'வாளப்பளம்' கேட்டது யாரு? அவங்ககிட்ட ழ இல்ல. உனக்கு இருந்தும் வேலைக்கு வரல.

அப்புறம், ஒலிப்பதிவு மெஷின் வாங்க 'மோடல்' வேணும்னியே. அதுவும் நம்ம 'முதல்'தான். அதுல த என்னாச்சுன்னு விரலை வச்சுப் பார்த்துச் சொல்லு, பணத்தை அப்புறம் எண்ணலாம்.