பத்து ரூபாய் ஸ்டாம்பும் பக்கத்து வீட்டு மார்க்கும்

ரோலிங் மில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பகலெல்லாம் போல்ட், நட், கிரீஸ் டப்பா என்று எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் முட்டையை எண்ணுவேன். மனைவி இதை வியாதி என்கிறாள். நான் நிர்வாகம் என்கிறேன். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ‘பகுதி ஒன்று மொழிப்பாடம்’ என்ற கட்டம் வந்ததும் இந்த நிர்வாகம் முழு வீச்சில் களமிறங்கியது.

எங்கள் பக்கம் மொழிக்குப் பஞ்சமில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, அங்கிருந்து ஆந்திரா. மில்லில் ஃபர்னஸ் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும். மாமியாருக்குச் சூளூர்பேட்டை. அவர் திட்டுவதும் தெலுங்கில், கொஞ்சுவதும் தெலுங்கில். எது எதுவென்று மருமகனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பேத்தி தெலுங்குதான் எடுக்க வேண்டும் என்றார் அவர். மனைவி தமிழ் என்றாள். பக்கத்து வீட்டு அக்காவோ, “பிரெஞ்சு எடுத்தா மார்க் கொட்டும், எங்க பையனைப் பாருங்க” என்றார். பார்த்தேன். பையன் தெரிந்தான், மார்க் தெரியவில்லை. எவ்வளவு என்பதை மட்டும் அக்கா சொல்லவே இல்லை.

அன்றிரவே மனு எழுத உட்கார்ந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். நாட்டில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் அதிகாரம் வேறு இல்லை. கல்லூரிவாரியாக, மொழிவாரியாக, ஆண் பெண் வாரியாக, ஊர்வாரியாக, பஸ் பாஸ் உள்ளவர் இல்லாதவர் வாரியாக மொழிப்பாட மதிப்பெண் சராசரி வேண்டும் என்று கட்டம் கட்டினேன். ஸ்டோர்ஸ் லெட்ஜரில்கூட அவ்வளவு அழகாகக் கோடு போட்டதில்லை.

“எதுக்குங்க இதெல்லாம்?” என்றாள் மனைவி. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது என்றேன். அந்தப் பிரிவு தகவல் அலுவலரைத்தான் கட்டுப்படுத்தும், சமையலறையைக் கட்டுப்படுத்தாது என்பது அவள் நின்ற தோரணையில் புரிந்தது. “பொது நலன்” என்றேன்.

மகள் மனுவை வாங்கிப் படித்தாள். “அப்பா, அந்தக் காலேஜ்ல பிரெஞ்சு எடுத்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? அதுல பசங்க எத்தனை? அதுலயும் கும்மிடிப்பூண்டிப் பசங்க?” விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு விரல் மிஞ்சியது. “பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும்தான். ஒருத்தரோட சராசரின்னா அது அவரோட மார்க்தானே?”

“அட, எனக்குத் தோணவே இல்லையே” என்றேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

பேரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவான் என்று நம்பியவர்கள் என்னைவிடப் பெரிய இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பேர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே வெளியே எடுத்துவிட்டார். அதற்கு அவருக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து போவதற்குள் வாய்க்கணக்கிலேயே முடித்துவிடுவார்கள்.

எங்கள் காலத்தில் பரீட்சை முடிவு பத்திரிகையில் வெறும் பதிவு எண்களாக வரும். பேர் கிடையாது, மார்க் கிடையாது, பக்கம் பக்கமாக நம்பர்தான். கேட்டால் எவ்வளவு பாதுகாப்பு! ஆனால் என் நம்பர் டீக்கடைக்காரருக்கு மனப்பாடம்; நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் தேடி முடித்திருந்தார். 2017-இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியபோது, இதென்ன அநியாயம் என்று பொருமியவன் நான். என் வீட்டில் யாரும் அந்தப் பட்டியலின் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

“சரி, உன் மார்க்கையாவது நான் கேக்கலாம்ல?” என்றேன்.

“எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. நீங்க மனுதாரர், நான் மூன்றாம் தரப்பு” என்றாள். பெற்று வளர்த்த பிள்ளை வாயால் கேட்கக்கூடிய வார்த்தையா அது? ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் தரப்பின் தகவலைக் கொடுக்க நினைக்கும் அலுவலர் 5 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் ஆட்சேபம் சொல்ல 10 நாள் உண்டு. நோட்டீஸ் இதே வீட்டுக்குத்தான் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கப்போவதும் நான்தான். அவளுடைய விடைத்தாளை அவள் கேட்டுப் பார்க்கலாம். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றே சொல்லிவிட்டது. அப்பனுக்கு அந்த உரிமை கிடையாது. போதாக்குறைக்கு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, தனிப்பட்ட தகவலுக்கான விலக்கை இன்னும் இறுக்கிவிட்டது.

மனுவைத் திருத்தி எழுதியது அவள். ஸ்டாம்ப் ஒட்டியது நான். ஊர், பாலினம், பஸ் பாஸ் எல்லாம் போயின. கேட்டது இவ்வளவுதான்: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மொழிப்பாடத்திலும் எழுதியவர் எத்தனை பேர், ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர், அரியர் எத்தனை பேர். எந்தக் கட்டத்திலாவது பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அதை ‘பிற’ என்ற வரிசையில் சேர்த்துவிடலாம் என்று கடைசியில் ஒரு வரி. அலுவலகம் எனக்காகப் புதிதாகக் கணக்குப் போட்டுத் தர வேண்டியதில்லை என்றும் அதே 2011 தீர்ப்பு சொல்வதால், ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் தேர்ச்சிப் பகுப்பாய்வையே கேட்டாள்.

அதில் நியாயம் இருந்தது. எல்லையோரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் தமிழ்த் தாளில் தடுக்கி விழுகிறார்களா, ஒரு மொழிக்கு ஆசிரியர் இல்லாமலே ஆண்டு ஓடுகிறதா என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டிய கணக்கு. விழுந்தது எந்த வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்குத் தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

தர எழுத்தைப் படிக்கவும் அவளே சொல்லிக் கொடுத்தாள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தர முறையில் 75 எடுத்தால் ‘டி’, 60 எடுத்தால் ‘ஏ’. இது தெரியாமல், ‘டி’ வாங்கிய சொந்தக்காரப் பிள்ளைகளை விசேஷ வீடுகளில் எத்தனை முறை முதுகில் தட்டி ஆறுதல் சொல்லியிருக்கிறேன்!

பதில் வந்தது. தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் வரிசையாக, பளிச்சென்று. பிரெஞ்சைக் காணோம். ஆட்கள் குறைவு என்பதால் ‘பிற’ வரிசைக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, மனுதாரரின் வேண்டுகோளின்படியே. மகளோ அதற்கு முன்பே தமிழ் என்று நிரப்பி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டிருந்தாள். காரணம் கேட்டேன். “பிடிக்கும், அதான்” என்றாள். அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

மனைவி பதில் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பக்கத்து வீட்டுப் பையன் மார்க்குக்கா இவ்வளவு பாடு? அது எனக்கு அப்பவே தெரியுமே” என்றாள்.

“எவ்வளவு?”

“சொல்ல மாட்டேன். அக்கா என்னை நம்பிச் சொன்னது.”

நம்பிக்கை உறவின் பேரில் பெற்ற தகவலைத் தர வேண்டியதில்லை: பிரிவு 8(1)(இ). சட்டத்தைப் படிக்காமலே சரியாகப் பிடித்துவிட்டாள். தகவல் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள், மறுத்தவரைவிட மூத்த அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் வீட்டில் அவளுக்கு மேல் அலுவலர் யாரும் கிடையாது.